முதல் 24 மணி நேரம்: தூங்காத கண்ணோடு டொராண்டோவில் இறங்குபவர்களுக்கு

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, அபுதாபி, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், டெல்லி என்று ஏதாவது ஓர் ஊரில் இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். பறக்கும் நேரம், நடுவில் காத்திருக்கும் நேரம், மீனம்பாக்கத்துக்கு முன்கூட்டியே போய் நிற்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால், வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து பியர்சன் விமான நிலையத்தில் கால் வைக்கும் வரை ஒரு முழு நாள் ஓடிவிடும். மதுரை, நெல்லைப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இன்னும் அரை நாள் கூடுதல். கிளம்புவதற்கு முந்தைய இரவும் பெட்டியை எடை பார்த்து, பிரித்து, மறுபடி கட்டுவதிலேயே போயிருக்கும். ஆக, இறங்கும்போது உங்கள் கணக்கில் இரண்டு இரவுத் தூக்கம் பாக்கி.

இதைப் பெரும்பாலோர் உடம்பு அசதி என்று மட்டும்தான் நினைக்கிறார்கள். அசதி தூங்கி எழுந்தால் போய்விடும். கெட்டுப்போவது நிதானம். 17 முதல் 19 மணி நேரம் விழித்திருந்தவர்கள் சில சோதனைகளில், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர்கள் அளவுக்கோ அதைவிட மோசமாகவோ தடுமாறினார்கள் என்று 2000இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அந்த 0.05இல் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் லைசென்ஸை அந்த இடத்திலேயே முடக்குவார்கள். நீங்களோ அந்த நிலையில்தான் குடிவரவு அதிகாரிக்குப் பதில் சொல்கிறீர்கள், படிப்பதற்கான பெர்மிட்டைச் சரிபார்க்கிறீர்கள், டாக்ஸி பேரம் பேசுகிறீர்கள், வாடகைக்கு முன்பணம் அனுப்புகிறீர்கள்.

அதனால் இந்தக் கட்டுரை சொல்வது ஒன்றுதான்: முடிவெடுக்கிற வேலையையெல்லாம் ஊரிலேயே முடித்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இறங்கிய அன்று, எழுதியதைச் செய்தால் போதும். புதிதாக எதையும் யோசிக்காதீர்கள். படிக்க வரும் மாணவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்துக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஏறுவதற்கு முன்: ஒரு தாள், ஒரு ஃபைல்

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக் கையால் எழுதுங்கள். செல்போனில் வைத்துக்கொண்டால் போதாது. பேட்டரி தீர்ந்த செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பிளக் தேடி அலைகிற பிள்ளைகளை எந்த நாளும் பியர்சனில் பார்க்கலாம். கனடாவின் பிளக் தட்டையான முள் கொண்டது, மின்சாரம் 120 வோல்ட். உங்கள் சார்ஜர் அதில் வேலை செய்யும், ஆனால் அடாப்டர் இல்லாமல் சொருக முடியாது. அந்த அடாப்டரைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். (அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுக்கும் மிக்ஸியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 230 வோல்ட் மிக்ஸி இங்கே சட்னி அரைக்காது.)

தாளில் இருக்க வேண்டியவை: தங்கப்போகும் வீட்டின் முழு முகவரி, அஞ்சல் குறியீட்டுடன். அழைத்துப்போக வருகிறவரின் பெயரும் எண்ணும். அவர் வராவிட்டால் அழைக்க வேண்டிய இரண்டாவது ஆளின் எண். கல்லூரியின் பெயர், வளாகம், படிப்பின் பெயர், தொடங்கும் தேதி. யாரும் வராவிட்டால் வீட்டுக்கு எப்படிப் போவது என்ற வழி. இவ்வளவுதான்.

ஃபைலில் பாஸ்போர்ட், விசா அனுமதியோடு வந்த, எல்லையில் காட்ட வேண்டிய பிஓஇ லெட்டர், கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், கட்டணம் கட்டிய ரசீது, கனடிய வங்கியில் பணம் போட்டு வைத்ததற்கான ஜிஐசி சான்று, உங்களுக்குத் தேவைப்பட்டிருந்தால் மாகாணச் சான்றுக் கடிதம். எல்லாம் அச்சிட்ட தாளாக இருக்கட்டும். இந்த ஃபைல் உங்கள் உடம்போடு ஒட்டியே இருக்க வேண்டும். சரக்காகப் போகும் பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டி வருவதற்கு முன்பே அதிகாரி முன்னால் நிற்கிற கதை வருடா வருடம் நடக்கிறது.

பணத்துக்கு ஒரு வார்த்தை. 2020 முதல் இந்திய வங்கிகள் தரும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். அதோடு இந்திய சிம்முக்கும் ரோமிங் போட்டுவிடுங்கள். பேசுவதற்கு அல்ல, ஓடிபி வருவதற்கு. அந்த ஆறு இலக்கம் வராததால் கையில் கார்டு இருந்தும் காசில்லாமல் நிற்க நேரும். சில நூறு டாலர் ரொக்கமும் இருக்கட்டும். 10,000 கனடிய டாலர் அல்லது அதற்கு மேல் கொண்டுவந்தால் அறிவித்தே ஆக வேண்டும். கொண்டுவருவது குற்றமில்லை, சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

கனடா அரசின் அரைவ்கேன் செயலியில் சுங்க அறிவிப்பை இறங்குவதற்கு 72 மணி நேரம் முன்பிலிருந்தே நிரப்பி அனுப்பலாம். கட்டாயமில்லை. ஆனால் தூங்கிய தலையோடு நிரப்புவதா, தூங்காத தலையோடு விமான நிலைய மெஷின் முன்னால் நிரப்புவதா என்று கேட்டால், முதலாவதுதான் நல்லது.

கனடாவுக்குள்ளேயே இன்னொரு விமானம் பிடிக்க வேண்டியவர்கள், ஹாலிஃபாக்ஸ், வின்னிபெக் போகிறவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில்தான் பெர்மிட் தருவார்கள். ஆகஸ்ட் கடைசியில் அந்த வரிசை மணிக்கணக்கில் நீளும். டிக்கெட் போடும்போதே அடுத்த விமானத்துக்கு 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

விமானத்தில்

தூக்கம் வரவில்லையே என்று கவலைப்படுவதால் தூக்கம் வந்துவிடாது. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாலே கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அடிக்கடி எழுந்து நடங்கள். உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கும், இறங்கும்போது ஷூ ஏறாது. இரண்டு காலும் லேசாக வீங்குவது எல்லோருக்கும் வருவதுதான், ஒருநாளில் வடிந்துவிடும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ வெட்கப்படாமல் பணியாளரிடம் சொல்லுங்கள், இறங்கியதும் மருத்துவரைப் பாருங்கள். கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்றால் முதலில் தண்ணீர் குடியுங்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று மது வேண்டாம், அது தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும்.

கடைசி ஒரு மணி நேரத்தில் மூன்று காரியம்: முகம் கழுவிப் பல் துலக்குங்கள். காபி ஒன்று குடியுங்கள். பிறகு தாளை எடுத்து, கல்லூரிப் பெயரையும் படிப்பின் பெயரையும் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஜனவரி சேர்க்கைக்கு வருகிறவர்கள் குளிர் ஜாக்கெட்டையும் கையுறையையும் இப்போதே கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தானாகத் திறக்கும் கதவுக்கு அப்பால் மைனஸ் 10 இருக்கலாம்.

அதிகாரி முன்னால்

இறங்கியதும் கூட்டத்தோடு நடங்கள். முதலில் மெஷின். பாஸ்போர்ட்டை வைத்தால் படம் எடுக்கும், கேள்விகள் கேட்கும். உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே சொல்லுங்கள். சாம்பார்ப் பொடியும் உணவுதான், ஊறுகாயும் உணவுதான். சொன்னால் அதிகபட்சம் கேட்பார்கள், பார்ப்பார்கள், கூடாது என்றால் எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் மாட்டினால் அபராதம். இறைச்சி, கருவாடு, பச்சைக் கறிவேப்பிலை, விதை, செடி, மண் ஒட்டிய எதுவும் கொண்டுவராமல் இருப்பது எல்லோருக்கும் நிம்மதி. மருந்து மாத்திரைகளை அசல் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வையுங்கள். 90 நாளுக்கு மேற்பட்ட அளவு வேண்டாம்.

பிறகு எல்லை அதிகாரி. அங்கிருந்து குடிவரவுப் பகுதிக்கு அனுப்புவார்கள். அனுப்பிவிட்டார்களே, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பதற வேண்டாம். பெர்மிட் அச்சடித்துத் தரும் இடமே அதுதான்.

அங்கே கேட்பது எளிய கேள்விகள். எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, யார் பணம் கட்டினார்கள், எங்கே தங்குகிறீர்கள். தூங்காத மனிதனுக்கு இரண்டு குணம் வந்துவிடும்: ஒன்று பேச்சே வராது, அல்லது கேட்காததையெல்லாம் சொல்வான். “எங்கே தங்குகிறீர்கள்?” என்று கேட்டால், “ஸ்கார்பரோவில், சித்தப்பா வீட்டில்” என்று சொல்லி முகவரியைக் காட்டினால் முடிந்தது. சித்தப்பா எந்த வருடம் வந்தார், எங்கே வேலை பார்க்கிறார், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் அங்கே பேச வேண்டிய பேச்சல்ல. கேள்வி புரியவில்லையா? “மன்னிக்கவும், இன்னொரு முறை கேளுங்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தெரியாததற்குத் தோராயமாகப் பதில் சொல்வதுதான் சிக்கல்.

இனி இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான ஐந்து நிமிடம். பெர்மிட்டைக் கையில் கொடுத்ததும் ‘தேங்க்யூ’ சொல்லிவிட்டு ஓடாதீர்கள். ஓரமாக நில்லுங்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். நம் ஆட்களுக்குப் பெயரில்தான் தொல்லை. அப்பா பெயர் முன்னால் போய், நம் பெயர் பின்னால் வந்து, நடுவில் ஒரு இனிஷியல் விழுந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

அடுத்தது காலாவதித் தேதி. வழக்கமாகப் படிப்புக் காலத்துக்கு மேல் 90 நாள் சேர்த்துத் தருவார்கள். பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிவதாக இருந்தால் பெர்மிட்டும் அந்தத் தேதியோடு நின்றுவிடும். இரண்டு வருடப் படிப்புக்கு ஒரு வருடம் போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

கடைசியாக, கீழே குறிப்புப் பகுதி. வளாகத்துக்கு வெளியே வேலை செய்யலாம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பர் 8 முதல், தகுதி உள்ளவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 24 மணி நேரம் வெளியே வேலை பார்க்கலாம். இந்த வரி இல்லாவிட்டால் சின் எண் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் அடையாள எண்) வாங்கப் போகும் இடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சின் இல்லாமல் சம்பள வேலை கிடையாது. விமான நிலையத்தில் ஐந்து நிமிடத்தில் திருத்தித் தருவதை, வெளியே வந்த பிறகு விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து திருத்த வேண்டியிருக்கும். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். சரியாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். விமான நிலையத்தில் வைஃபை இலவசம்.

பிஆர் ஆக வருகிறவர்கள் பின்னால் வரப்போகும் பொருட்களின் பட்டியலை, நகை உட்பட, மதிப்போடு எழுதி எடுத்து வர வேண்டும். பிஎஸ்எஃப்186 என்ற படிவம் அது. இன்று பட்டியலில் ஏறாத பொருள் பிறகு வந்தால் வரி கேட்பார்கள்.

பெட்டி

குடிவரவில் இரண்டு மணி நேரம் போயிருந்தால் பெல்ட் நின்றிருக்கும். உங்கள் பெட்டியை இறக்கிப் பக்கத்தில் வரிசையாக வைத்திருப்பார்கள். இல்லையென்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் கவுன்டரில் புகார் எழுதிக் குறிப்பு எண் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை போன் போட்டுச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்குக் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும். எடுத்த பெட்டி உங்களுடையதுதானா என்று டேக் எண்ணையும் பாருங்கள். மஞ்சள் ரிப்பன் கட்டிய நீலப் பெட்டி அந்த விமானத்தில் உங்களிடம் மட்டுமா இருந்திருக்கும்?

வெளியே: யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்

கதவு திறந்ததும் நல்ல உடுப்புப் போட்ட ஒருவர் வந்து, “டாக்ஸி வேண்டுமா?” என்று மெதுவாகக் கேட்பார். சில சமயம் நம் மொழியிலேயே கேட்பார், அதுதான் ஆபத்து. கூடத்துக்குள் வந்து ஆள் பிடிக்கிறவர்களுக்கு அனுமதி கிடையாது. அனுமதி பெற்ற டாக்ஸியும் லிமோவும் வெளியே வரிசையில் நிற்கும், வாடகைக்கு நிர்ணயித்த கணக்கு உண்டு. செயலியில் கூப்பிடும் வண்டிக்கும் தனி இடம் குறித்திருக்கிறார்கள்.

பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களுக்கு இரண்டு வழி. டெர்மினல் 1இலிருந்து யூபி எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் நகர மையத்திலுள்ள யூனியன் நிலையத்துக்குப் போகும். டெர்மினல் 3இல் இறங்கியவர்கள் இலவச இணைப்பு ரயிலில் டெர்மினல் 1 வரலாம். மற்றொரு வழி நகரப் போக்குவரத்துக் கழகமான டிடிசியின் 900 எண் பேருந்து. அது கிப்ளிங் சப்வே நிலையத்தில் விடும். அங்கிருந்து 2ஆம் லைன் நகரத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து கென்னடி நிலையம் வரை ஓடுகிறது. நகரின் கிழக்கே உள்ள ஸ்கார்பரோ போகிறவர்களுக்கு இதுதான் மலிவான வழி. மூன்றே கால் டாலர் சொச்சத்தில் ஒரே டிக்கெட், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை மாறினாலும் அதே காசு. தட்டிப் போகும் வகை கிரெடிட் கார்டையே தட்டலாம், பிரெஸ்டோ என்ற பயண அட்டை அன்றே வேண்டும் என்பதில்லை.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், 23 கிலோ பெட்டி இரண்டோடு இறங்கிய அன்று இந்த வழி வேண்டாம். யாரையாவது வரச்சொல்லுங்கள், அல்லது வண்டி பிடியுங்கள். சப்வேயில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவீர்கள். பெட்டிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் காவல் யார்? அன்று 60, 70 டாலர் வண்டிக்குக் கொடுப்பது ஊதாரித்தனமல்ல.

அழைக்க வருகிறவர் மாமாவோ, அண்ணனின் நண்பரோ, யாராக இருந்தாலும், “இறங்கியதும் வந்துடுங்க” என்று சொல்லாமல் “வெளியே வந்ததும் மெசேஜ் போடுறேன்” என்று சொல்லி வையுங்கள். நீங்கள் வெளியே வர ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். அதுவரை அவர் பார்க்கிங் காசு கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சாலையைக் கடக்கும்போது ஒரு எச்சரிக்கை. இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். நம் கழுத்து பழக்கத்தில் முதலில் வலப்பக்கம் திரும்பும், வண்டியோ இடப்பக்கமிருந்து வரும். தூங்கி எழுந்தவனுக்கு இது நினைவிருக்கும், தூங்காதவனுக்கு இருக்காது. சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்ப ஒன்டாரியோவில் அனுமதி உண்டு என்பதால், உங்களுக்கு நடக்கும் விளக்கு எரிந்தாலும் திரும்புகிற காரைப் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள். வந்த அன்றே, “லைசென்ஸ் இருக்குல்ல, நீ ஓட்டுப்பா” என்று யாராவது சாவியைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வீட்டுக்குள்: எப்போது தூங்குவது

கோடையில் டொராண்டோ நம் ஊரைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். குளிர்காலத்தில் பத்தரை. இலங்கைக்கும் இதே கணக்குதான். ஆகவே இங்கே மாலை 4 மணி என்றால் உடம்புக்கு அது நள்ளிரவு ஒன்றரை. ஆறு மணிக்கு விடிகாலை மூன்றரை. உடம்புச் சூடு மிகக் குறைந்து, கண் தானாகச் சொருகும் நேரம் விடிகாலை நான்கு, ஐந்து. அதாவது டொராண்டோவின் மாலை ஆறரை, ஏழரை. அந்த ஒரு மணி நேரத்தை ஓட்டிவிட்டால் மீதியை ஓட்டிவிடலாம்.

மதியம் வந்து சேர்ந்தால் குளித்துவிட்டு உட்காருங்கள், படுக்காதீர்கள். முடியவே முடியவில்லை என்றால் மூன்று மணிக்குள் அரை மணி நேரம், அதுவும் அலாரம் வைத்து, வேறொருவரிடமும் எழுப்பச் சொல்லி. அலாரம் இல்லாத ‘சும்மா சாயலாம்’ ராத்திரி ஒரு மணிக்குத்தான் முடியும். மாலை மூன்றிலிருந்து ஆறு வரை வெளியே வெளிச்சத்தில் இருங்கள். மேற்கு நோக்கி வந்தவனின் உடம்புக் கடிகாரத்தைப் பின்னால் தள்ள வேண்டும். உடம்பு கணக்குப் போட்டிருக்கும் நடுநிசி நேரத்தில் கண்ணில் படும் பகல் வெளிச்சம்தான் அதைத் தள்ளும். செப்டம்பர் தொடக்கத்தில் இங்கே ஏழரைக்கு மேல்தான் சூரியன் இறங்கும், நிறைய நேரம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்போது இரண்டு மணிக்கே நடக்கக் கிளம்புங்கள்.

நம் பிள்ளைகள் பலர் வாடகைக்கு எடுப்பது பேஸ்மென்ட், அதாவது தரைக்குக் கீழே உள்ள தளம். அங்கே தரை மட்டத்துக்கு ஒட்டி ஒரு முழ உயரத்தில் ஜன்னல் இருக்கும், அதற்கு வெளியே புல்லோ பனியோ மூடியிருக்கும். பகலா இரவா என்று கண்ணுக்குத் தெரியாது. அதே ஊரில், அதே விமானத்தில் வந்து, மாடியில் தங்கியவன் ஒரு வாரத்தில் சரியாகிவிட, பேஸ்மென்டில் தங்கியவன் மூன்று வாரமாகப் பேய்போல் இரவில் உலாத்துவதற்கு இதுதான் காரணம். உடம்புக் கடிகாரம் மேற்குப் பக்கம் ஒரு நாளைக்கு ஒரு மணி, ஒன்றரை மணி அளவுதான் நகரும். அதற்கும் வெளிச்சம் வேண்டும். ஆகவே பேஸ்மென்ட் ஆட்கள் வேலை இருக்கிறதோ இல்லையோ தினமும் வெளியே போய் நடந்தே ஆக வேண்டும்.

காபி, டீ மதியத்தோடு நிறுத்துங்கள். இரவு எட்டரை, ஒன்பதுக்குப் படுக்கலாம். இட்லி, ரசம் சாதம், கஞ்சி என்று லேசாக ஏதாவது சாப்பிட்டால் போதும். வீட்டுக்காரர் அன்போடு பிரியாணி வைத்திருந்தால் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, மீதியை நாளைக்கு என்று சொல்லிவிடுங்கள்.

ராத்திரி மூன்று மணிப் பசி

இது எல்லோருக்கும் வரும். ஒன்பதுக்குப் படுத்தவர்கள் இரண்டு, மூன்று மணிக்கு முழுசாக விழித்துக்கொள்வார்கள். இங்கே விடிகாலை மூன்று, ஊரில் மதியம் பன்னிரண்டரை. வயிறு சோறு கேட்கிறது, அவ்வளவுதான். படுக்கைப் பக்கத்தில் ரொட்டியும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு படுங்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், கொதிக்க வைக்க வேண்டாம்.

ஆனால் அந்நேரத்தில் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, நாலு காய்ந்த மிளகாயைப் போட்டதும் கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டப் பெட்டி அலறத் தொடங்கும். புகை அலாரம். காதைக் கிழிக்கும் சத்தம், மரத்தால் கட்டிய வீடு முழுக்கக் கேட்கும். மேல்மாடி வீட்டுக்காரர், அவர் குழந்தை, பக்கத்து அறைக்காரர் எல்லோரும் எழுந்துவந்து நிற்பார்கள். புதுவீட்டில் அறிமுகமாக இதைவிட மோசமான வழி இல்லை. பகலில் தாளிக்கும்போதும் அடுப்புக்கு மேலே உள்ள விசிறியை முதலில் போடுங்கள், பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். அலாரத்தைக் கழற்றி வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் கேடு.

விழித்துவிட்டால் செல்போனை எடுக்காதீர்கள் என்று சொல்வது எளிது. ஊரில் எல்லோரும் விழித்திருக்கும் நேரமாயிற்றே. பேசுவதென்றால் விளக்குப் போடாமல் பத்து நிமிடம் பேசிவிட்டு மறுபடி படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் படுத்திருங்கள்.

இன்னொன்று, யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதிவிடுகிறேன்: கழிவறையில் காகிதம்தான் இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்காது. பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் வைத்துக்கொண்டு வாருங்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும்

சின் எண், வங்கிக் கணக்கு, போன் இணைப்பு. மூன்றும் முக்கியம்தான், ஆனால் மூன்றும் மறுநாள் காலை பத்து மணி வேலை. சின் எண் சர்வீஸ் கனடா என்ற அரசு அலுவலகத்தில் இலவசம், யாருக்கும் கமிஷன் தர வேண்டாம். உங்கள் எண் 9இல் தொடங்கும், பெர்மிட் முடியும் நாளோடு அதுவும் முடியும். அந்த எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், பர்ஸில் வைத்துக்கொண்டும் அலையாதீர்கள். வந்த வாரத்திலேயே, வரித்துறையிலிருந்து பேசுகிறேன், உன்மேல் வழக்கு இருக்கிறது, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல் என்று மிரட்டிப் போன் வரலாம். எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் காசு வாங்காது. வைத்துவிடுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் நான் கறார். இரண்டு இரவு ஒழுங்காகத் தூங்கும் வரை வாடகை ஒப்பந்தம், இரண்டு வருட போன் திட்டம், கார் கடன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வாரத்துக்கு மட்டும் தெரிந்தவர் வீட்டிலோ கல்லூரி விடுதியிலோ இடம் பிடித்துவிட்டு, வந்தபின் அறை பார்ப்பதே நல்லது. ஒன்டாரியோ சட்டப்படி முதல் மாத வாடகையோடு, கடைசி மாதத்துக்கென்று அதிகபட்சம் ஒரு மாத வாடகையை மட்டுமே முன்பணமாகக் கேட்கலாம். ஆறு மாத அட்வான்ஸ், சேதத்துக்கென்று தனி டெபாசிட் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் கேட்டால், தூக்கக் கலக்கத்தில் தலையாட்டிவிடாதீர்கள். அறையைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பவே வேண்டாம்.

கடையில் பெரும்பாலான பொருட்களுக்கு ஒட்டிய விலையோடு பில்லில் 13 சதவீத வரி சேரும், ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு சென்ட் நாணயம் 2013இல் புழக்கத்திலிருந்து போய்விட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து சென்டுக்குச் சுற்றிவிடுவார்கள்.

உடம்பு சரியில்லை, ஆனால் மருத்துவமனைக்குப் போகும் அளவா என்று தெரியவில்லை என்றால் 811க்கு அழையுங்கள். செவிலியர் பேசுவார், இரவு பகல் எந்நேரமும், காசில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 911. மாணவர்களுக்கு மாகாணத்தின் ஓஹிப் மருத்துவக் காப்பீடு கிடையாது, கல்லூரி வழியாக வரும் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு தொடங்கும் முன்பே வந்துவிட்டால் நடுவில் ஒரு இடைவெளி விழலாம், அதற்குப் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வீட்டுக்குப் பேசும் நேரத்தையும் முதல் வாரத்திலேயே பழக்கிக்கொள்ளுங்கள். டொராண்டோவில் காலை எட்டு மணிக்கு ஊரில் மாலை ஐந்தரை. அம்மா டீ போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார், நீங்களும் விடிந்ததும் வெளிச்சத்தில் நடந்துகொண்டே பேசலாம். நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அன்றிலிருந்து அதே எட்டு மணிக்கு அங்கே ஆறரை. இதை முன்னாலேயே சொல்லி வைக்காவிட்டால், ஐந்தரைக்குப் போன் வரவில்லையே என்று ஊரில் ஒரு வீடே பதறிப் போய் உட்கார்ந்திருக்கும்.